கைக்குழந்தையில் வந்த ஆர்.எஸ்.வி.: எதிர்ப்பு சக்தி கெட்டுவிட்டதா?

பென்னாகரத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் 35 வாரத்தில், 2 கிலோ 100 கிராம் எடையுடன் பிறந்தான். பத்து வாரக் குழந்தையாக இருந்தபோது, மார்கழிக் குளிரில் சாதாரண மூக்கொழுகலாகத் தொடங்கியது மூன்றே நாளில் மூச்சுத்திணறலாக மாறியது. தருமபுரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாட்கள் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்று வந்தது. இப்போது அவனுக்கு 16 மாதம். அதன்பின் ஐந்து முறை சளியோடு இழுப்பு வந்திருக்கிறது. இரண்டு முறை மருத்துவமனையில் ஆவி வைக்க வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடியாடுகிறான், எடை 9 கிலோ 600 கிராம்.

"அந்த வைரஸ் என் பிள்ளையின் எதிர்ப்பு சக்தியை அழித்துவிட்டதா? இது ஆஸ்துமாவாகி ஆயுளுக்கும் நிற்குமா? உடம்பு தேறட்டும் என்று ஒன்பதாம் மாத ஊசியைப் போடாமல் வைத்திருக்கிறோம், சரிதானா? இன்ஹேலர் பழகிவிடும் என்கிறார்கள், கொடுக்கலாமா? நான் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் எதிர்ப்பு சக்தி அழிந்துவிடவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் எந்த விவரமும் அப்படி நினைக்க இடம் தரவில்லை. அதே நேரத்தில், அந்த ஆறு நாட்கள் அவனுடைய மூச்சுக்குழல்களில் எந்தச் சுவடும் விடாமல் போய்விட்டன என்றும் என்னால் சொல்ல முடியாது. கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையாக வரும் ஆர்.எஸ்.வி. உடல் முழுவதற்குமான எதிர்ப்பாற்றலைக் குறைப்பதில்லை. மூச்சுக்குழல்களில் மட்டும் அந்த எதிர்ப்பாற்றல் வேலை செய்யும் போக்கைச் சில காலத்துக்கு மாற்றிவிடக்கூடும். சிறு சளிக்கும் அங்கே மிகையான பதில் எழுகிறது. சக்தி குறைந்த பிள்ளை என்று நீங்கள் பயந்துகொண்டிருக்கும் நிலைக்கு இது கிட்டத்தட்ட எதிரானது என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்குகிறேன்.

ஆர்.எஸ்.வி. அபூர்வமான கிருமி இல்லை. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒரு முறையாவது தொட்டுவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் சளி. சிலருக்குத்தான் நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழல்கள் வரை இறங்கி, 'பிராங்கியோலைட்டிஸ்' என்று மருத்துவர்கள் எழுதித் தரும் அழற்சியை உண்டாக்குகிறது. அந்தக் குழல்களின் உட்படலத்துச் செல்கள் உதிர்ந்து, சளியோடு சேர்ந்து குழலை அடைத்துக்கொள்ளும். ஒரு குழலின் விட்டம் பாதியானால் அதன் வழியே காற்றை இழுக்க ஏற்படும் தடை ஏறத்தாழ 16 மடங்கு கூடும் என்பது இயற்பியல் கணக்கு. பத்து வாரக் குழந்தையின் குழல்கள் எவ்வளவு சிறியவை என்பதை எண்ணிப் பார்த்தால், அவன் ஏன் மூன்றே நாளில் அந்த நிலைக்குப் போனான் என்பது விளங்கும். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 36 லட்சம் பேர் இந்த வைரஸால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்றும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. அந்த மரணங்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில்தான் நிகழ்ந்தது.

அவனுக்கு இன்னொரு குறையும் இருந்தது. தாயின் உடலிலிருந்து நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான். 35 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியதாலோ நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஒன்றாலோ இந்த நோய் வந்தது என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் குற்றச்சாட்டை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இனி, அந்த நோய் போன பிறகு எது நின்றுபோகிறது என்பதைப் பார்ப்போம். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் எதிர்ப்பாற்றல் பெரியவர்களின் எதிர்ப்பாற்றலைப் போல வேலை செய்வதில்லை. கருவில் இருக்கும்போது தாயின் உடலோடு மோதாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வைரஸை நேராக எதிர்க்கும் இன்டர்ஃபெரான் வகைப் பதில் அதில் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வாமையிலும் குடற்புழுத் தொற்றிலும் நாம் காணும் இரண்டாம் வகைப் பதில் அதில் மேலோங்கி நிற்கிறது. இந்தப் பருவத்தில் வைரஸ் மூச்சுக்குழலின் உட்படலத்தைச் சிதைக்கும்போது, சேதமடைந்த செல்களிலிருந்து இன்டர்லூக்கின்-33 போன்ற அபாய அறிவிப்புப் பொருள்கள் வெளியாகின்றன. அவை அங்கே உள்ள பிறவி எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையைத் தூண்ட, அந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-13 என்ற பொருளைச் சுரக்கின்றன. அது சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. குழலைச் சுற்றியுள்ள தசையை எளிதில் இறுகும்படி ஆக்குகிறது. வைரஸ் சில வாரங்களில் போய்விட்டாலும், இப்படி ஒரு முறை திசைதிரும்பிய பதில் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

எலிகளில் இதை மிகத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்த முதல் வாரத்திலேயே ஆர்.எஸ்.வி. தொற்றுக்கு உள்ளான எலிக்குஞ்சுகள் வளர்ந்த பின் மீண்டும் அதே வைரஸைச் சந்தித்தபோது கடுமையாக நோயுற்றன. அவற்றின் நுரையீரலில் ஒவ்வாமையின் அடையாளமான இயோசினோஃபில் செல்கள் வந்து குவிந்தன. முதல் தொற்றே சில வாரங்கள் கழித்து வந்த எலிகளில் அப்படி நேரவில்லை. வைரஸ் ஒன்றுதான், அது முதலில் வந்த வயதுதான் வேறு. எலியில் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆயினும், முதல் சில மாதங்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

மனிதக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளும் உண்டு. சுவீடனில், பிறந்த முதல் ஆண்டில் ஆர்.எஸ்.வி.க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 47 குழந்தைகளை, அப்படிச் சேர்க்கப்படாத 93 குழந்தைகளோடு ஒப்பிட்டு 18 வயது வரை கவனித்தார்கள். ஏழு வயதில் ஆஸ்துமா இருந்தவர்கள் முதல் குழுவில் 30 சதவீதம், இரண்டாவதில் 3 சதவீதம். 18 வயதில் ஆஸ்துமாவோ திரும்பத் திரும்ப வரும் இழுப்போ இருந்தவர்கள் 39 சதவீதமும் 9 சதவீதமும். இந்த எண்களை மட்டும் படித்தால் மனம் கலங்கும். ஆனால் அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கிய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. மூன்று வயதுக்குள் ஆர்.எஸ்.வி. நெஞ்சுக்கு இறங்கிய குழந்தைகளுக்கு ஆறு வயதில் இழுப்பு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது. 11 வயதில் அது குறைந்தது. 13 வயதில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சுவீடன் ஆய்வின் முதல் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் மருத்துவமனை வரை போன கடுமையான நோயாளிகள். டூசான் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே தேறியவர்கள். உங்கள் மகன் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கூட்டத்திலும் 18 வயதில் பத்தில் ஆறு பேர் நலமாக இருந்தார்கள் என்பதையும் நீங்கள் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த வைரஸ்தான் இழுப்பை உண்டாக்கியதா, இழுப்பு வரும் உடல்வாகோடு பிறந்த குழந்தைகளைத்தான் வைரஸ் கடுமையாகத் தாக்கியதா என்ற கேள்வியை மருத்துவர்கள் பல்லாண்டுகளாக விவாதித்து வருகிறோம். டூசானிலேயே, நோய் எதுவும் வருவதற்கு முன்பு சில கைக்குழந்தைகளின் நுரையீரல் செயல்பாட்டை அளந்து வைத்திருந்தார்கள். பின்னாளில் இழுப்போடு நோயுற்ற குழந்தைகளுக்கு அந்த அளவு முன்பே குறைவாக இருந்தது. டென்மார்க்கில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவர் மட்டும் ஆர்.எஸ்.வி.க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 37 ஜோடிகளை ஏழு வயதையொட்டிப் பரிசோதித்தபோது, நோயுற்றவருக்கும் மற்றவருக்கும் ஆஸ்துமாவிலோ நுரையீரல் செயல்பாட்டிலோ வேறுபாடு இல்லை. இவை இரண்டும் உடல்வாகின் பக்கம் பேசுகின்றன.

மறுபக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. நெதர்லாந்தில் 33 முதல் 35 வாரங்களுக்குள் பிறந்த 429 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஆர்.எஸ்.வி.யைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஊசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி, மருந்து பெற்றவர்களுக்கு முதல் ஆண்டில் இழுப்போடு கழிந்த நாட்கள் 61 சதவீதம் குறைந்தன. வைரஸைத் தடுத்தால் இழுப்பு குறைகிறது என்றால் வைரஸுக்கும் அதில் பங்கு இருக்கத்தானே வேண்டும்? ஆனால் அதே பிள்ளைகளை ஆறு வயதில் பரிசோதித்தபோது நுரையீரல் செயல்பாட்டில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. 2023இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, முதல் ஆண்டில் ஆர்.எஸ்.வி. தொற்றே வராதவர்களுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவு என்று கண்டது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: முதல் சில ஆண்டுகளின் இழுப்பில் வைரஸின் கை இருக்கிறது, பள்ளிப் பருவத்தையும் தாண்டி நிற்கும் ஆஸ்துமாவில் பரம்பரைக்கும் ஒவ்வாமைக்கும் வீட்டுக் காற்றுக்கும் பங்கு அதிகம். உங்கள் மகனுக்குத் தோலில் கரப்பான் இல்லை, உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ ஆஸ்துமா இல்லை என்றால், ஐந்தாறு வயதுக்குள் அவன் இதிலிருந்து வெளியே வந்துவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவர் மருந்தைத் தீர்மானிக்க அது உதவும். இப்போது ஒவ்வொரு சளிக்கும் வரும் இழுப்பும் ஆர்.எஸ்.வி.யாக இருக்க வேண்டியதில்லை. இந்த வயதில் பெரும்பாலும் சாதாரண சளி வைரஸான ரைனோ வைரஸ்தான் தூண்டுதல்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். ஆர்.எஸ்.வி. ஒருவருக்கு வாழ்நாளில் பல முறை வரும். அந்த வைரஸிடம் நம் இன்டர்ஃபெரானை முடக்கும் புரதங்கள் இருக்கின்றன, அதற்கு எதிராக நமக்கு உண்டாகும் பாதுகாப்பும் நீண்ட நாள் நிற்பதில்லை. அது திரும்ப வருவது உங்கள் பிள்ளையின் பலவீனம் ஆகாது. நலமான குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. எதிர்ப்பு நினைவை உண்மையிலேயே அழிக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது என்றால், அது தட்டம்மை. 2019இல் வெளியான ஆய்வொன்றில், தட்டம்மை வந்த குழந்தைகள் பிற கிருமிகளுக்கு எதிராக முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தது தெரிந்தது. நீங்கள் போடாமல் வைத்திருக்கும் ஒன்பதாம் மாத ஊசியில் இருப்பது அந்தத் தட்டம்மைக்கான தடுப்பு மருந்துதான். எதிர்ப்பு சக்தியைக் காப்பதாக எண்ணி, அதைக் காக்கும் ஊசியையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். நியூமோகாக்கல் ஊசியின் ஒன்பதாம் மாதத் தவணையும் விட்டுப்போயிருக்கும். நிமோனியாவுக்கு எதிராக அதுவும் அவனுக்குத் தேவை. 16 மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், விட்டதைப் போட்டுக்கொள்ள வழி உண்டு. லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம். கடுமையான காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப் போட்டால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை போடும் இன்ஃபுளூயன்சா ஊசி அரசு அட்டவணையில் இல்லை என்றாலும், இழுப்பு வரும் குழந்தைக்கு அதைப் போடுவதை நான் பரிந்துரைப்பேன்.

எதிர்ப்பு சக்தியில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருப்பதால் இதைச் சொல்லாமல் போவது சரியாகாது. அப்படிப்பட்ட திருமணங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடுகளில் சில வருவதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். நீங்கள் நெருங்கிய உறவில் மணம் முடித்தவராக இருந்தாலோ, இரு குடும்பத்திலும் கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஆண்டில் இரண்டு முறை எக்ஸ்ரேயில் உறுதியான நிமோனியா, வாயில் ஆறாத வெள்ளைப் படலம், எடை ஏறாமை, ஊசி மருந்து இல்லாமல் தீராத தொற்றுகள், நான்கு வாரத்துக்கு மேல் நிற்கும் சளி இருமல் ஆகியவை இருந்தால்தான் அந்தப் பாதையில் பரிசோதனைகள் தேவைப்படும். விளையாடி, சாப்பிட்டு, எடையும் ஏறிக்கொண்டிருக்கும் உங்கள் மகனிடம் இவற்றில் ஒன்றையும் நான் காணவில்லை. திடீரென்று, சளி எதுவும் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் இழுப்புச் சத்தம் கேட்டால் அது வேறு விஷயம்: வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். கடலை காயப்போட்டிருக்கும் வீட்டில் தவழும், நடக்கும் குழந்தையை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்ஹேலர் பழகிப்போகும் என்பது உண்மையில்லை. ஸ்பேசரும் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய் போன்ற குடுவை) முகமூடியும் வைத்துக் கொடுக்கும் சால்பியூட்டமால், இறுகிய குழலைத் தளர்த்துகிறது. சரியாகக் கொடுத்தால் சாதாரண இழுப்புக்கு நெபுலைசர் அளவுக்கே பயன் தரும். மருத்துவமனை அருகில் இல்லாத வீட்டுக்கு அதுதான் உகந்தது. இழுப்பு அடிக்கடி வருவதால், குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சில மாதங்கள் தினமும் கொடுத்துப் பார்க்க உங்கள் மருத்துவர் சொல்லக்கூடும். அது இழுப்பின் எண்ணிக்கையையும் கடுமையையும் குறைக்கும். பின்னாளில் ஆஸ்துமா வருவதை அது தடுக்காது என்பதை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் காட்டிவிட்டது. எனவே இப்போதைய நிம்மதிக்காகக் கொடுக்கிறோம், அந்த நிம்மதியும் பிள்ளைக்கு வேண்டியதே.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இழுப்பு வந்தவுடன் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளும், சீட்டு இல்லாமல் போடப்படும் ஊசிகளும் அன்றைக்கு அற்புதமாக வேலை செய்வது போலத் தெரியும். அவற்றை அடிக்கடி கொடுத்தால் எதிர்ப்பாற்றல் உண்மையிலேயே குறையும், வளர்ச்சியும் தடைபடும். இதுவரை அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் அதன் பெயரை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை ஆர்.எஸ்.வி.யின்போது கொடுத்தால் பின்னாளைய இழுப்பு குறையுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்ததில் பயனில்லை என்று தெரிந்தது. எதிர்ப்பு சக்தி டானிக்குகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் முட்டையும் கீரையும் பருப்பும் வாங்கலாம். கேழ்வரகுக் கூழ் தாராளமாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலைக் கர்ப்பமாகிவிட்டோம் என்பதற்காக உடனே நிறுத்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொக்கம் எடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவற்றிலெல்லாம் பெரியது வீட்டுக் காற்றைச் சுத்தமாக்குவது. ஏற்கெனவே புண்பட்டு, எதற்கும் சட்டென்று இறுகும் குழல்களைப் புகை மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. கேஸ் அடுப்பு இருக்கும் வீடுகளிலும் குளிக்க வெந்நீர் வைப்பதும் களி கிளறுவதும் விறகடுப்பில்தான் என்பதை நம் பக்கத்தில் பரவலாகக் காண்கிறேன். மார்கழி, தை மாதங்களில் குளிருக்காகக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு அந்த அடுப்புப் பக்கத்திலேயே குழந்தையை வைத்துக்கொள்வதும் உண்டு. விறகடுப்பை முற்றிலும் விட முடியாவிட்டால், அதைக் குழந்தை தூங்கும் அறையிலிருந்து தள்ளி, வாசலுக்கு வெளியே மாற்றுங்கள். குளித்து முடித்தவுடன் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது உங்கள் மாமியார் அன்பினால் செய்வது. எனக்கும் அந்தப் பழக்கத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், வேண்டுமானால் இந்தப் பதிலையே அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தலையை நன்றாகத் துவட்டிவிட்டால் போதும். கொசுவர்த்திக்குப் பதிலாகக் கொசுவலை. உங்கள் கணவரோ மாமனாரோ பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால், வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் அந்தப் புகையின் மிச்சம் சட்டையோடு வரும். நிறுத்துவது ஒன்றே வழி.

அடுத்த குழந்தைக்கும் இதே அளவு கடுமையாக வரும் என்று விதி இல்லை. உங்கள் மகனைப் போல் மாதத்துக்கு முன்னதாகப் பிறக்காமல் இருப்பதே அதற்குப் பெரிய காப்பு. ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள், இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுங்கள், முதல் பிரசவம் 35 வாரத்தில் நடந்தது என்பதை ஒவ்வொரு பரிசோதனையிலும் நினைவூட்டுங்கள். ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்க உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேல் பாடுபட்டது. 1960களில் தயாரித்த முதல் தடுப்பூசி, காப்பதற்குப் பதில் பின்னால் வந்த நோயைக் கடுமையாக்கி, இரண்டு குழந்தைகளின் உயிரைப் பறித்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைவதற்கு முன் அதன் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பது 2013இல் தெளிவான பிறகுதான் பாதுகாப்பான வழி திறந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குப் போடும் தடுப்பூசி, பிறந்த குழந்தைக்கு ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஆகிய இரண்டும் இப்போது பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இவை இல்லை. எனவே ஏழாம் மாதம் தொடங்கும்போதே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

குழந்தை பிறந்த முதல் மூன்று மாதம், சளி பிடித்தவர்கள் யாராக இருந்தாலும், உறவினரோ பெரியவரோ, தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த வைரஸ் கைகளில் சிறிது நேரமும் கட்டில், பொம்மைகளின் மேற்பரப்பில் சில மணி நேரமும் உயிரோடு இருக்கும், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். பெரியவனுக்குச் சளி பிடித்தால் அவனைத் தம்பியிடமோ தங்கையிடமோ படுக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, இழுப்பு வரும் நாட்களில் கவனிக்க வேண்டியவை. பிள்ளை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். உங்கள் மகனின் வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே காட்ட வேண்டும். பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் இரண்டு மாதம் வரை அந்த எல்லை 60, அதன் பிறகு ஒரு வயது வரை 50. விலா எலும்புகளுக்கு இடையிலும் நெஞ்சுக்குக் கீழும் குழி விழுதல், பால் குடிக்க முடியாமல் விட்டுவிடுதல், உதடு நீலமாகுதல், எழுப்பினாலும் சரியாக எழாத சோர்வு, மூச்சு நடுவில் நின்று நின்று வருதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். உங்கள் ஊரிலிருந்து தருமபுரி போய்ச் சேர ஆகும் நேரத்தை மனதில் வைத்து, இருட்டும் வரை பார்த்துக்கொண்டிராமல் பகலிலேயே கிளம்பிவிடுங்கள். இழுப்பு வந்த தேதிகள், கொடுத்த மருந்துகள் இவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூச்சு வாங்கும்போது செல்பேசியில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போனால், மருத்துவமனைக்குப் போவதற்குள் இழுப்பு அடங்கிவிட்டாலும் மருத்துவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.